அரிசி எதற்கு மார்த்தா

காலை ஐந்தே முக்கால் மணி. முதலில் கண்ணில் பட்டது பூனை. அசன விருந்துக்காக முந்தின நாளே கழுவி வைத்திருந்த பெரிய அண்டாவுக்குள் அது சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் கல் கூட்டிய அடுப்புகள் வரிசையாக இருந்தன. ஒன்றிலும் தீ இல்லை. விறகு அடுக்கியது அடுக்கியபடி இருந்தது. மற்ற வருடங்களில் அந்த நேரத்துக்கு மாமரத்தடி முழுக்கப் புகையாக இருக்கும். உள்ளி உரிக்கும் பெண்களின் பேச்சு தெருமுனை வரை கேட்கும்.

பெண்கள் வராமல் இல்லை. எல்லாரும் வந்திருந்தார்கள். குளித்து, வெள்ளைச் சேலை கட்டி, கையில் வேதப்புத்தகத்தோடு ஆராதனைக் கூடத்தின் முன்வரிசைப் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் அம்மா. ஆராதனை தொடங்குவது பதினொரு மணிக்கு.

அன்று அங்கே இருந்த பிள்ளைகளில் சிலர் இன்னும் இருக்கிறோம். ஒருவர் காக்கநாட்டில் மகனுடைய அடுக்குமாடி வீட்டில் இருக்கிறார். இன்னொருவர் தேவராவில் முழங்கால் வலியோடு. போனில் இந்தக் கதை வரும்போதெல்லாம் ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்கிறீர்கள். அண்டாவுக்குள் இருந்தது நாய் என்று காக்கநாட்டுக்காரர் சொல்கிறார். பூனைதான், அதைத் தூக்கி வெளியே விட்டது நான். நான் பார்த்ததை ஒருமுறை எழுதி வைத்துவிடுகிறேன். மறுப்பு இருந்தால் சொல்லுங்கள்.

மட்டாஞ்சேரியின் மிளகு, சுக்குக் கிடங்குகளில் வேலைக்கு வந்த திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பங்கள் சேர்ந்து நடத்திய சிறிய சபை அது. கோயில் மலையாளிக் கிறிஸ்தவர்களுடையது. வளாகத்தின் பின்னால் இருந்த கூடத்தை நமக்கு விட்டிருந்தார்கள். வருடத்தில் ஒரு ஞாயிறு அறுப்பின் பண்டிகை, அன்று மதியம் அசனம், அதாவது எல்லாரும் ஒரே பந்தியில் சாப்பிடும் விருந்து. தேவராவிலிருந்தும் வைட்டிலாவிலிருந்தும் தமிழர்கள் குடும்பத்தோடு வருவார்கள். சொந்த ஊரில் அசனத்துக்குப் பொங்குவது ஆண்கள். இங்கே ஆண்கள் மூட்டை தூக்கி முதுகு விட்டுப்போனவர்கள் என்று சொல்லி, வந்த முதல் வருடமே அந்த வேலை பெண்களிடம் போய்விட்டது. கிடங்கில் சுக்கு சலித்த பெண்களின் முதுகைப் பற்றி யாரும் விசாரித்ததாகத் தெரியவில்லை. சமையலுக்குத் தலைமை அம்மா.

அப்பாவுக்குக் கிடங்கில் சாக்குத் தைக்கும் வேலை. நிறைத்த மூட்டையின் வாயைச் சேர்த்துப் பிடித்து, கோணி ஊசியில் சணல் கோத்து, இந்த மூலைக் காதிலிருந்து அந்த மூலைக் காதுவரை தைத்துக்கொண்டு போவார். பாட்டு அந்த வேலையில்தான் வந்தது. ஒரு மூட்டையின் வாய் முடியும்போது ஓர் அடி முடிய வேண்டும். அதனால் அவருடைய பாட்டுகள் எல்லாம் ஒரே நீளம். உட்கார்ந்து எழுதச் சொன்னால் ஒன்றும் வராது. கையில் சாக்கு வேண்டும்.

பைபிள் கதைகளைத்தான் பாட்டாகக் கட்டினார். ஆனால் அவருடைய பைபிளில் எல்லாமே மட்டாஞ்சேரிப் படகுத்துறைக்குப் பக்கத்தில் நடந்தன. யோனாவை மீன் கக்கியது சீன மீன்வலைக்கு அருகில். அவன் கரையேறி ஒரு சாயா குடித்துவிட்டு நினிவேக்குப் புறப்பட்டான். நோவாவின் பேழையில் மிருகங்கள் ஏறிய பிறகு மிளகும் ஏலமும் மூட்டை மூட்டையாக ஏறின. சபையை நடத்திய உபதேசியார் இதை மட்டும் விடாமல் கேட்டார்.

"நோவா காலத்துல மிளகு ஏது அண்ணாச்சி?"

"பூமியெல்லாம் முங்கிப்போச்சு. பொறவு மிளகு எங்கயிருந்து வந்துச்சு? சொல்லுங்க பாப்போம்."

 உபதேசியார் வீட்டுக்குப் போய் ஆதியாகமத்தைத் திரும்பப் படித்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

இந்தப் பாட்டுகளைக் கிறிஸ்துமஸ் சமயத்தில் வீட்டு வாசல்களில் நின்று பாடுவோம். ஆராதனையில் பாடியது கிடையாது. மாதம் ஒருமுறை எர்ணாகுளத்திலிருந்து படகில் வரும் போதகர், அச்சுப் புத்தகத்தில் இல்லாத பாட்டை ஆராதனைக்குள் விடமாட்டார். அப்பா பல வருடம் கேட்டுப் பார்த்தார். அந்த வருடம் போதகர் இறங்கி வந்தார். அறுப்பின் பண்டிகையன்று ஒரே ஒரு பாட்டு, அதுவும் அன்றைய பிரசங்கத்தின் கதையை ஒட்டி இருக்க வேண்டும், கேட்டுப் பார்த்துவிட்டு மற்றதைச் சொல்கிறேன் என்றார். அன்று இரவு அப்பா சாப்பிடவில்லை. சந்தோஷம் வந்தால் அவருக்குப் பசிக்காது.

போதகர் கொடுத்த கதை பெத்தானியா வீட்டுக் கதை. இயேசு விருந்தாளியாக வருகிறார். அக்கா மார்த்தாள் சமையல் வேலையில் ஓடுகிறாள். தங்கை மரியாள் அவர் காலடியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறாள். தங்கையை உதவிக்கு அனுப்பச் சொல்லி மார்த்தாள் முறையிடுகிறாள். இயேசுவோ மரியாள் செய்வதுதான் சரி என்று சொல்லிவிடுகிறார். அசனத்தன்று பிரசங்கிக்க இந்தக் கதையை ஏன் தேர்ந்தெடுத்தார் என்பதை நான் பிற்காலத்தில் பலமுறை யோசித்திருக்கிறேன். போதகருக்கு அசனம் என்பது பதினொரு மணிக்குப் பிரசங்கித்து ஒரு மணிக்குப் பந்தியில் உட்காரும் நிகழ்ச்சி. அவ்வளவுதான் இருக்க வேண்டும்.

யோனாவையும் நோவாவையும் அப்பா கற்பனையில்தான் பார்த்தார். மார்த்தாளை வீட்டிலேயே பார்த்தார். அந்த வாரம் முழுக்க அடுக்களை வாசலில் உட்கார்ந்து, ஒரு காலிச் சாக்கை மடியில் போட்டுத் தைத்துக்கொண்டே, அம்மா சமைப்பதைக் கவனித்தார். பாட்டு பிறந்தது.

அடுப்பை விட்டு வா மார்த்தா, அகப்பையைப் போடு மார்த்தா
ஆண்டவர் பேச்சிருக்க அரிசி எதற்கு மார்த்தா

உள்ளி உரித்துக் கண்கலங்கி ஓரமாக நின்றாயே
வேதம் கேட்டு அழவேண்டியவள் வேலையிலே அழுதாயே

அடுத்த சரணத்தில் மார்த்தாள் அண்டாவின் விளிம்பில் அகப்பையால் மூன்று தட்டுத் தட்டி ஊரைக் கூப்பிடுகிறாள். மூன்று தட்டு அம்மாவின் பழக்கம். சபை முழுக்கத் தெரியும். அதற்கடுத்த சரணத்தில் முந்தானையால் மூக்கைத் துடைக்கிறாள். அதுவும் தெரியும். கண்ணால் கண்டதை ஒரு பிசகும் இல்லாமல் எழுதினால் நல்ல பாட்டாகிவிடும் என்று அப்பா நம்பினார். அம்மாவிடம் பாடிக் காட்டி மெட்டு எப்படி என்று கேட்டார்.

"மெட்டு நல்லாத்தான் இருக்கு" என்றாள் அம்மா.

அப்பா அதைப் பாட்டு முழுமைக்கும் கிடைத்த பாராட்டாக எடுத்துக்கொண்டார்.

நம்மில் பாதிப் பேருக்குத் தமிழ் எழுத்து தெரியாது என்பது நினைவிருக்கும். பள்ளிக்கூடத்தில் மலையாளம். அதனால் அப்பா சொல்லச் சொல்ல, தமிழ்ப் பாட்டை நான் மலையாள எழுத்தில் எழுதினேன். நடுவில் கார்பன் தாள் வைத்து ஒரே அழுத்தில் பல பிரதிகள். கடைசிப் பிரதி நிழல் மாதிரி இருக்கும். அது கிடைத்தவர்கள் பக்கத்தில் இருப்பவரின் வாயைப் பார்த்துப் பாடுவார்கள்.

பயிற்சி தொடங்கியது. முதலில் பெண்களும் சிரித்துக்கொண்டேதான் பாடினார்கள். பிறகு பாட்டு கூடத்தை விட்டு வெளியே வந்தது. ரேஷன் கடைக்குப் போகச் சொன்னால் பிள்ளைகள் வாசலில் நின்று "அரிசி எதற்கு மார்த்தா" என்று பாடினோம். அது பிள்ளைகளோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. கிடங்கிலிருந்து வந்த ஆண்கள் சாயா வரத் தாமதமானால் "அடுப்பை விட்டு வா" என்று இழுத்தார்கள். அத்தை, அதாவது அப்பாவின் தங்கை, சுக்குப் பொடி படிந்த தலையோடு வந்து அடுப்பு மூட்டுவாள். அவளுடைய கணவரான மாமா மூன்றாம் முறை சோறு வாங்கிக்கொண்டே அந்த அரிசி அடியைப் பாடினார். வாயில் சோறு இருந்ததால் சொற்கள் தெளிவாக வரவில்லை என்று அத்தை பிற்பாடு சாட்சி சொன்னாள்.

அசனத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை குழாயடியில் பெண்கள் வெகுநேரம் நின்றார்கள். என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் போனதும் பேச்சு நின்றது. வீட்டுக்கு வந்த அம்மா, ஞாயிற்றுக்கிழமை பாட்டைக் கேட்க முன்வரிசையிலேயே உட்காரப் போவதாக அப்பாவிடம் சொன்னாள். அப்பா அன்றும் சாப்பிடவில்லை.

இப்போது ஞாயிறு காலைக்கு வருகிறேன். அப்பா கூடத்து வாசலில் நின்று எட்டிப் பார்த்தார்.

"ஏளா, மணி ஆறாகப் போவுது. அடுப்பு பத்த வைக்கல?"

"அகப்பையைப் போடச் சொன்னீங்க. போட்டுட்டோம்" என்றாள் அம்மா. "ஆண்டவர் பேச்சு எப்ப ஆரம்பிக்கும்?"

"வெளையாடாத. தேவராவுல இருந்து ஆளு வரும்."

"வரட்டும். அவங்களும் உக்காந்து கேக்கட்டும்."

அத்தை பாயை விட்டு நகராமல் சொன்னாள்: "அரிசி எதுக்குன்னு கேட்டியளே அண்ணே. இப்ப என்னத்துக்கு அதைத் தேடுதிய?"

அப்பா வெளியே வந்து மற்ற ஆண்களிடம் விஷயத்தைச் சொன்னார். அவர்கள் சிரித்தார்கள். மாமா வேட்டியை மடித்துக் கட்டினார். ஊரில் அசனத்துக்குப் பொங்குவது நாங்கதான், பெண்கள் அடுப்பு இருக்கும் திசைக்கே வரமாட்டார்கள் என்று அறிவித்தார். நான் பூனையை வெளியேற்றினேன். அண்டா அடுப்பில் ஏறியது.

கொஞ்ச நேரத்தில் சில தகவல்கள் வெளிவந்தன. ஊரில் மாமா செய்தது விறகு சுமந்தது. இன்னொருவர் செய்தது தண்ணீர் இறைத்தது. மூன்றாமவர் வாழை இலை நறுக்கினார். பொங்கியது பக்கத்து ஊரிலிருந்து வந்த சமையல்காரர். அவர் எப்படிப் பொங்கினார் என்பதை இவர்கள் யாரும் பக்கத்தில் நின்று பார்த்திருக்கவில்லை. உலைக்கு உப்புப் போட்டதாக மாமா சொன்னார். தானும் போட்டதாக இலைக்காரர் சொன்னார்.  தண்ணீர்க்காரர் கையிலும் உப்புச் சிரட்டை இருந்தது. உப்பைச் சரிக்கட்ட இன்னும் தண்ணீர் ஊற்றினார்கள். சோறு சோறாக இருப்பதை விட்டுவிட்டு வேறொன்றாக மாறத் தொடங்கியது.

அப்பாவையும் உபதேசியாரையும் உள்ளி உரிக்க உட்காரவைத்தார்கள். இருவருக்கும் கண்ணீர் தாடைவரை வழிந்தது. அத்தை தண்ணீர் குடிக்க வந்தவள் போல வந்து நின்று பார்த்தாள்.

"வேலையில அழாதீங்க உபதேசியாரே" என்றாள். "வேதம் கேட்டு அழுங்க."

வாசல் காவல் பார்க்கும் மலையாளிச் சேட்டன் அண்டாவை எட்டிப் பார்த்துவிட்டு, "எந்தா, இந்நு ஊணில்லே?" என்று கேட்டார். இன்று சாப்பாடு இல்லையா என்று அவர் கேட்டதும் மாமா அண்டாவை மூடிவைத்தார்.

எட்டரைப் படகில் போதகர் வந்துவிட்டார். மாமரத்தடியைப் பார்த்தார், கூடத்தைப் பார்த்தார், நடந்ததைக் கேட்டார். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் அப்பா தாங்கியிருப்பார்.

"சண்டை மூட்டுற பாட்டு ஆராதனையில வேண்டாம்" என்றார். "அச்சுப் புத்தகத்துல இருக்கிறதையே பாடுங்க. ஒரு குறையும் இல்ல." அந்தப் பெண்களே எழுந்து வந்து பாட்டு இருக்கட்டும் என்று சொன்னால் ஒழிய, இந்த வருடம் மட்டுமல்ல, இனி எந்த வருடமும் இந்தப் பேச்சு வேண்டாம் என்றும் சொல்லிவிட்டு மலையாளிப் போதகர் வீட்டுக்குச் சாயா குடிக்கப் போனார்.

அப்பா உள்ளிக் கூடைக்கு முன்னால் அப்படியே இருந்தார். நான் பக்கத்தில் இருந்தேன். உள்ளி தீர்ந்த பிறகும் அவர் கண் வடிந்துகொண்டிருந்தது. பிறகு உபதேசியாரிடம், அந்த மார்த்தாள் அதோடு சரியா, பின்னால் எங்கேயாவது வருகிறாளா என்று கேட்டார். நோவாவில் பதில் சொல்ல முடியாமல் போன உபதேசியார் இந்த முறை உற்சாகமானார். கையைத் துடைத்துக்கொண்டு யோவான் புத்தகத்தைப் பிரித்தார். அவர்களுடைய சகோதரன் லாசரு செத்துப்போகிறான். நாலு நாள் கழித்து இயேசு வருகிறார். வருகிறார் என்று கேட்டதும் ஊருக்கு வெளியே ஓடி அவரை முதலில் பார்த்தவள் மார்த்தாள். நீர்தான் கிறிஸ்து என்று அவர் முகத்துக்கு நேரே சொன்னவளும் அவள்தான்.

"மரியாள்?"

"வீட்டுல உக்காந்திருந்தா."

"அப்பவும் உக்காந்துதான் இருந்தாளா?"

"அப்படித்தான் போட்டிருக்கு" என்றார் உபதேசியார்.

அப்பா சுற்றுமுற்றும் பார்த்தார். திறந்திருந்த அரிசி மூட்டை ஒன்று பக்கத்தில் இருந்தது. இடுப்பிலிருந்து ஊசியை எடுத்து அதன் வாயைத் தைக்கத் தொடங்கினார். ஒரு காதிலிருந்து மறுகாதுக்குப் போய், அங்கிருந்து திரும்பவும் வந்தார். எழுந்து போய்க் கூடத்து வாசலில் நின்றார்.  அங்கிருந்தே பாடினார்.

கூடப்பிறந்தான் செத்த வீட்டில் கும்பலை விட்டு ஓடினாயே
நீர்தான் கிறிஸ்து என்று சொல்லி நடுவழியில் நின்றாயே

பாயில் இரண்டொருவர் சேலையைச் சரிசெய்தார்கள். அத்தை எதையோ சொல்ல வாயெடுத்து அம்மாவைப் பார்த்தாள். அம்மா கையிலிருந்த வேதப்புத்தகத்தை மூடினாள்.

"அவ அன்னைக்குப் பொங்கினாளே, அதை யாராச்சும் சாப்பிட்டாங்களா?" என்று கேட்டாள். "அதைப் பத்தி என்ன போட்டிருக்கு?"

அப்பா உபதேசியாரைத் திரும்பிப் பார்த்தார். அவர் பக்கத்தைத் தள்ளினார். அன்றைய சாப்பாட்டைப் பற்றி எதுவும் இல்லை. ஆனால் பின்னால் இன்னொரு விருந்து இருந்தது. லாசரு உயிரோடு பந்தியில் இருக்கிறான், இயேசுவும் இருக்கிறார், மார்த்தாள் பரிமாறுகிறாள்.

"அதுக்கும் ஒரு சரணம் எழுதிருதேன்" என்றார் அப்பா.

"எழுதுங்க" என்று அம்மா எழுந்தாள். முந்தானையை இடுப்பில் செருகினாள். மற்றவர்களும் எழுந்தார்கள். சாயா குடித்துவிட்டு வந்த போதகரிடம் அம்மா வழியிலேயே, பாட்டு இருக்கட்டும் ஐயா என்று மட்டும் சொல்லிவிட்டு மாமரத்தடிக்குப் போனாள். அண்டாவைத் திறந்து பார்த்தாள். மாமா அதைப் பற்றி ஏதோ விளக்க வந்தார். அவள் கேட்கவில்லை. அதைக் கஞ்சியாக்கி இறக்கிவைக்கச் சொன்னாள். புதிதாக உலை வைக்க அரிசி எடுக்கப் போனபோது மூட்டையின் வாய் இரட்டைத் தையல் போட்டு மூடியிருந்தது. அரிவாள்மணையால் அறுக்க வேண்டியிருந்தது.

அப்பா படியில் உட்கார்ந்து கடைசிச் சரணத்தை முடித்தார். ஆராதனைக்கு மணி அடிக்கும் நேரம். கார்பன் தாளுக்கு அவகாசம் இல்லை. நாம் எல்லாரும் படியைச் சுற்றி நின்று வாய்ப்பாடமாகக் கற்றுக்கொண்டோம்.

அடுத்த விருந்து வந்தபோதும் அகப்பை உன்றன் கையிலே
ஆண்டவரும் கை நனைத்தார், அரிசி வேண்டாம் என்றாரா

பாட்டு நடந்தது. ஆண்களும் பிள்ளைகளும் பாடினோம். தேவராக்காரர்கள் இரண்டாம் சரணத்திலேயே பல்லவியைப் பிடித்துக்கொண்டார்கள். கடைசிச் சரணத்தைப் போதகர் திரும்பவும் ஒருமுறை பாடச் சொன்னார். முடிந்ததும் அடுத்த மாதம் நோவாவையும் கேட்கலாம் என்றார். மிளகு மூட்டை பற்றி உபதேசியார் அவரிடம் எதுவும் சொல்லவில்லை. பந்தியில் வந்தவர்களுக்குச் சோறு, நம் சபை ஆண்களுக்கு மட்டும் கஞ்சி. அவர்கள் அதை மறுபேச்சில்லாமல் குடித்தார்கள். உப்பு அதிகம் என்று சொன்னவர் மாமா ஒருவர்தான்.

அப்பா அன்று இரண்டு முறை கஞ்சி வாங்கினார். அண்டா கழுவும் இடத்துக்கு அவர் போனபோது நானும் பின்னால் போனேன். கடைசிச் சரணம் எப்படி இருந்தது என்று அம்மாவிடம் கேட்டார். எந்தச் சரணம் என்று அவள் கேட்டாள்.

கூடத்தில் பாட்டு நடந்தபோது அம்மா மாமரத்தடியில் சோறு வடித்துக்கொண்டிருந்தாள்.